ஹாலிஹாக் செடியில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

ஹாலிஹாக் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இது செடிக்கு எத்தனையாவது ஆண்டு? பூக்கவில்லை, அடி இலை மஞ்சளாகிறது, செடி காய்கிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு அந்த ஒரு விடையிலேயே காரணம் தெரிந்துவிடும்.

அல்சியா ரோசியா என்ற இந்தச் செடி வெண்டை, பருத்தி, செம்பருத்தி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈராண்டுச் செடி. முதல் ஆண்டில் தரையோடு தரையாகப் பெரிய வட்ட இலைகளை விரித்து, கீழே ஆணிவேரை இறக்கும். அந்த ஆண்டு அதற்கு வேறு வேலை இல்லை. நடுவில் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு, இரண்டாம் ஆண்டில் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் உயரத்துக்குத் தண்டு எழும். அதில் அடியிலிருந்து நுனி நோக்கிப் பூக்கள் வரிசையாக விரியும். அப்புறம் விதை, பெரும்பாலும் அதோடு செடியின் ஆயுள் முடியும். சில செடிகள் அடியிலிருந்து மறுபடி துளிர்த்து மூன்றாம், நான்காம் ஆண்டும் பூக்கும். அது கூடுதல் வரவு.

ஆகவே முதல் ஆண்டுச் செடியில் இயல்பாக இருப்பது இரண்டாம் ஆண்டில் கோளாறு. இரண்டாம் ஆண்டில் இயல்பானது முதல் ஆண்டில் ஆபத்து. வயதைத் தெரிந்துகொண்ட பிறகு கீழ் இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூஞ்சையும் பேனும் முட்டையும் அங்கேதான் இருக்கும். மேலிருந்து பார்த்து மருந்து வாங்கப் போகாதீர்கள்.

விதை போட்டேன், முளைக்கவில்லை

மண் வெதுவெதுப்பாக, ஏறத்தாழ 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் இருந்தால் 10 முதல் 14 நாளில் முளை தெரியும். மூன்று வாரம் வரை பொறுக்கலாம். அதற்குமேல் எதுவும் வரவில்லை என்றால் முதலில் ஆழத்தைச் சந்தேகப்படுங்கள். விதை தட்டையானது, அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். விரலால் குழி போட்டு உள்ளே தள்ளிய விதை பெரும்பாலும் மேலே வராது.

அடுத்து விதையையே கையில் எடுத்துப் பாருங்கள். வட்டமான சிறு துளை இருந்தால் உள்ளே கூன்வண்டின் புழு இருந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது; அந்த விதை வெறும் கூடு. துளை இல்லாத பழைய விதை என்றால் பத்து விதைகளை ஈரமான காகிதத்தில் சுருட்டி, மூடிய டப்பாவில் வைத்துச் சோதியுங்கள். குறைந்தது ஐந்து விதை முளைத்தால் நெருக்கமாக விதைத்துச் சமாளிக்கலாம். அதற்குக் குறைந்தால் புது விதை வாங்குவதே மேல். விதைப்பதற்கு முந்தைய இரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும். இது கட்டாயம் இல்லை, ஆனால் செலவில்லாத வேலை.

மண் கொதிக்கும் காலத்தில் விதைத்தாலும் முளைப்பு குறையும். வெயில் தணியும்வரை காத்திருப்பது நல்லது.

முளைத்த நாற்று அடியில் மெலிந்து சாய்கிறது

நாற்றழுகல். மண் ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, நாற்று படுத்துவிடும். விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்ற, மேல்மண் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், மூடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், காற்றும் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கச் செய்யுங்கள். அடுத்த முறை புதிய நாற்றுக் கலவையில், இடைவெளி விட்டு விதையுங்கள்.

மாற்றி நட்ட செடி வாடி, வளராமல் நிற்கிறது

ஹாலிஹாக்கின் ஆணிவேர் சீக்கிரமே ஆழம் தேடிப் போகும். நான்கைந்து இலை விட்ட பிறகும் சின்னத் தொட்டியிலேயே இருந்தால், வேர் அடியில் முட்டி வளைந்துவிடும். வளைந்த வேரோடு நட்ட செடி சாகாது; ஆனால் அங்கேயே குந்திக்கொண்டிருக்கும், அடுத்த ஆண்டு குட்டையாகப் பூக்கும், வறட்சியில் முதலில் வாடும்.

நட்டு ஒரு வாரம் மட்டுமே ஆகியிருந்தால் பகலில் வாடுவது பெரிய விஷயம் இல்லை. மாலையில் நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்தால் வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நாள் நிழல் கட்டிவிட்டு, அடியில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காலையிலும் தொங்கியபடியே இருந்தால் பெரிய வெளி இலைகளில் இரண்டு மூன்றை வெட்டிவிடுங்கள். வேரால் தாங்க முடிகிற அளவுக்கு இலை குறைந்தால் செடி பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கோளாறுக்கு உண்மையான மருந்து, நிற்கப்போகும் இடத்திலேயே விதைப்பதுதான். அது முடியாவிட்டால் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் விதைத்து, இரண்டு அல்லது மூன்று உண்மை இலை (முதல் வித்திலைகளுக்குப் பிறகு வருபவை) வந்ததும் மண் கட்டி உடையாமல் மாற்றுங்கள். நன்றாக வேரூன்றிய செடியை, அதுவும் தண்டு எழத் தொடங்கிய செடியை, இடம் மாற்ற வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அழகான இடத்துக்கு மாற்றுகிறேன் என்று தோண்டி எடுத்து ஒரு ஆண்டு உழைப்பை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

செடி நன்றாக இருக்கிறது, பூக்கவே இல்லை

முதல் ஆண்டுச் செடியா? அப்படியென்றால் கோளாறே இல்லை. இலை மட்டும் இருக்க வேண்டிய ஆண்டு அது. உரத்தைக் கூட்டிப் பூக்க வைக்கலாம் என்று முயலாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் இலை மட்டும் கொழுக்கும், அந்த மென்மையான இலையில் துரு நோய் எளிதாகப் பிடிக்கும்.

இரண்டாம் ஆண்டும் தண்டு எழவில்லை என்றால் இப்போது யோசிக்க வேண்டும். குளிர்காலம் வந்தபோது செடி எவ்வளவு பெரிதாக இருந்தது? ஈராண்டுச் செடிகள் ஓரளவு வளர்ந்த பிறகுதான் குளிரைப் பூப்பதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளும். மூன்று இலையோடு குளிரைச் சந்தித்த நாற்று, அந்தக் குளிரை வெறுமனே தாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டையும் இலை வளர்ப்பதிலேயே கழிக்கும். கோடையின் பிற்பகுதியில் தாமதமாக விதைத்தவர்களுக்கு இதுதான் நடக்கிறது. இந்தச் செடியைப் பிடுங்க வேண்டாம். அது தன் கணக்கில் இன்னும் முதல் ஆண்டில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு பூக்கும், அதுவும் நல்ல உயரமாக. அடுத்த முறை கோடையின் தொடக்கத்திலேயே விதைத்துவிட்டால் குளிர் வருவதற்குள் கைகொள்ளாத அளவுக்கு இலை விரிந்திருக்கும்.

செடி பெரிதாக இருந்தும், குளிர்காலம் என்று சொல்லும்படி ஒன்று வராத ஊராக இருந்தால், பழைய ஈராண்டு ரகங்கள் தண்டு விடாமலே ஏமாற்றலாம். அங்கே செய்யத்தக்கது ரகத்தை மாற்றுவது. விதைத்த ஆண்டிலேயே பூக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்கள் உண்டு. ‘சம்மர் கார்னிவல்’, குட்டையான ‘மேஜரெட்’ இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. குளிர்ச்சியான பருவம் தொடங்கும்போதே இவற்றை விதைத்து, ஓராண்டுச் செடியாகவே நடத்தி முடித்துவிடலாம். வெப்பமான இடத்தில் ஈராண்டு ரகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ நிம்மதி.

குளிரும் கிடைத்தது, செடியும் பெரிது என்றால் வெயிலைக் கணக்கிடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நட்டபோது வெயிலாக இருந்த இடம், பக்கத்து மரம் வளர்ந்ததில் நிழலாகியிருக்கலாம். ஆணிவேர்ச் செடியை நகர்த்த முடியாது, மரக்கிளையைத்தான் கழிக்க வேண்டும். இன்னொன்றும் பாருங்கள்: நடுக்குருத்து கடிபட்டோ ஒடிந்தோ இருக்கிறதா? எழும்பும் தண்டின் நுனியை விலங்கு கடித்துவிட்டால் பக்கத் தண்டுகள் வரும். பூ தாமதமாகும், உயரம் குறையும். ஆனால் பூக்கும்.

இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் பூ என்ற அலுப்பு இருந்தால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் விதைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஆண்டும் ஒரு கூட்டம் பூக்கும், ஒரு கூட்டம் தயாராகும்.

இலையின் மேல் மஞ்சள் புள்ளி, அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளம்

இதுதான் துரு நோய். ஹாலிஹாக் வளர்ப்பவர் ஒவ்வொருவரும் ஒரு நாள் சந்திக்கும் நோய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேல்பக்கத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளி, பல நேரம் நடுவில் செந்நிறம். திருப்பினால் அதே இடத்தில் ஊசித்தலை அளவுக்கு மேடான கொப்புளம், முதலில் ஆரஞ்சு, முதிர்ந்ததும் செம்பழுப்பு. எப்போதும் கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். முற்றினால் இலைக்காம்பு, தண்டு, மொட்டின் பச்சை இதழ் எல்லாவற்றிலும் வரும். இலை சுருண்டு காய்ந்து தொங்கும். செடி உடனே சாகாது. ஆனால் தண்டின் கீழ்ப்பாதி மொட்டையாகி, மேலே மட்டும் பூவோடு நிற்கும். அடுத்த ஆண்டுக்கான சேமிப்பும் குறையும்.

காரணம் பக்சினியா மால்வேசியேரம் என்ற பூஞ்சை. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1852-இல் சிலி நாட்டிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டது. 1869 வாக்கில் ஐரோப்பாவில் தென்பட்டு, 1873-இல் இங்கிலாந்தை எட்டியது. அங்கே அப்போது ஹாலிஹாக் போட்டிக்கு வைத்து வளர்க்கப்பட்ட பூ. இன்றும் விற்கப்படும் ‘சேட்டர்ஸ் டபிள்’ என்ற அடுக்குப்பூ வகைக்குப் பெயர் தந்த நாற்றுப்பண்ணைக்காரர் வில்லியம் சேட்டர் வாழ்ந்த காலமும் அதுதான். ஹாலிஹாக்கோ ஆசியாவிலிருந்து வந்த செடி. பழகாத பூஞ்சையிடம் மாட்டிக்கொண்டது, இன்றுவரை முழுமையான எதிர்ப்பு வரவில்லை.

சில துருப் பூஞ்சைகளுக்கு வாழ்க்கைச் சுற்றை முடிக்க வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாவது செடி தேவை. அந்தச் செடியை அகற்றினால் நோய் அடங்கும். இந்தப் பூஞ்சைக்கு அப்படி ஒரு தேவையே இல்லை. ஹாலிஹாக்கிலேயே தொடங்கி ஹாலிஹாக்கிலேயே முடிக்கும். கொப்புளத்திலிருந்து எழும் வித்துகள் காற்றில் பக்கத்து இலைக்குப் போய், இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தாலே உள்ளே நுழையும். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த நாட்கள் அதற்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தைப் பழைய தண்டு, உதிர்ந்த இலை, செடியின் அடிக்குருத்து இவற்றில் கழிக்கும். மால்வா களைகளிலும் இருக்கும். பொத்தான் அளவு தட்டைக் காய் காய்க்கும், தரையோடு படரும் அந்தக் களை தோட்டத்தில் இருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். ஹாலிஹாக்கைச் சுத்தம் செய்துவிட்டு அதை மறந்துவிடுவதால்தான் பலருக்கு நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு மூன்று இலையில் மட்டும் புள்ளி என்றால், காய்ந்த நாளில், இலை ஈரமில்லாதபோது அவற்றைக் காம்போடு கிள்ளி ஒரு பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். வீட்டுக் குழியில் வித்துகள் சாகும் அளவுக்குச் சூடு ஏறாது. ஆழமாகப் புதைக்கலாம், அல்லது பையைக் கட்டிக் குப்பைக்கு அனுப்பலாம். கிள்ளிய கத்தரியைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். இதை வாரம் ஒருமுறை தொடர்ந்து செய்தால் மருந்து இல்லாமலேயே ஒரு பருவத்தைக் கடத்திவிட முடியும்.

ஒரே நாளில் எல்லா இலையையும் உருவிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டுச் செடிக்குப் பூத்தண்டை எழுப்ப இலை வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம் என்பது என் கணிப்பு.

அடுத்து நீர். தெளிப்பானால் மேலிருந்து ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் தண்ணீர். செடிக்குச் செடி 60 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் நடுவில் ஒன்றை எடுத்துவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் எடுங்கள். சுவரை ஒட்டி நட்டால் தண்டுக்குத் தாங்கல் கிடைக்கும், காற்றோட்டம் குறையும். ஆகவே சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியாவது நடுங்கள்.

மருந்து என்று வந்தால், நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) புது இலைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும். உள்ளே நுழைந்துவிட்ட நோயைக் குணப்படுத்தாது. அதனால் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும்போதே, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய்க் கரைசல் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தாலும் கருகும். மான்கோசெப், மைக்ளோபியூட்டானில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் துருவுக்குப் பயன்படுகின்றன. அலங்காரச் செடிகளுக்கு அனுமதி உண்டா என்று லேபிளைப் படித்து, அதில் சொன்ன அளவிலேயே பயன்படுத்துங்கள். பூத்திருக்கும்போது தேனீக்கள் நாள் முழுவதும் அதில்தான் இருக்கும், எனவே எதைத் தெளித்தாலும் மாலை சாய்ந்த பிறகு.

பருவம் முடிந்ததும் தண்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டி, உதிர்ந்த இலை ஒன்று விடாமல் பெருக்கி எடுங்கள். அடுத்த ஆண்டு நோய் எந்த அளவுக்கு வரும் என்பதை இந்த ஒரு வேலைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மருந்துக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

ஆண்டுதோறும் இதே தொல்லை என்றால் நெருங்கிய உறவுச் செடிகளை முயலலாம். அத்தி இலை வடிவுள்ள அல்சியா ஃபிசிஃபோலியாவும், வெளிர்மஞ்சள் பூ பூக்கும் அல்சியா ருகோசாவும் துருவை நன்றாகவே தாங்கும். பூ ஒற்றை அடுக்குதான். எனக்கு அதுவே அழகாகப் படுகிறது, தேனீக்கும் அதுதான் வசதி.

புள்ளி இருக்கிறது, அடியில் கொப்புளம் இல்லை

தடவிப் பார்த்தால் மேடு தட்டுப்படவில்லை, புள்ளி பழுப்பாக அல்லது சாம்பலாக, ஓரம் கருமையாக இருக்கிறது என்றால் இலைப்புள்ளி நோய். சில நாளில் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டை விழும். தண்டிலும் காம்பிலும் கறுத்து உள்வாங்கிய தழும்பு இருந்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய்; இது இளஞ்செடியை மடக்கிப் போடும் அளவுக்கு மோசமாகலாம். இரண்டுக்கும் துருவுக்குச் சொன்ன சுத்தமும் நீர் ஒழுங்கும் அப்படியே பொருந்தும். தண்டில் தழும்பு சுற்றிவிட்ட செடியை மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள்.

இலையில் ஓட்டை

நேரத்தையும் ஓட்டையின் வடிவத்தையும் பாருங்கள்.

சின்னச் சின்ன வட்டத் துளைகள், கூடவே மொட்டிலும் துளை: கூன்வண்டு. சில மில்லிமீட்டரே இருக்கும் சாம்பல் கறுப்பு வண்டு, நீண்ட மூக்கு. மூக்கால் மொட்டைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும், புழு விதையைத் தின்று வளரும். செடிக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்துத் தண்டை உலுக்கினால் செத்தது போல் நடித்து விழும். சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். விதை வேண்டாத தண்டில் காய் முற்றும் முன்பே வெட்டி எறிந்தால் அடுத்த தலைமுறை வளரவே இடமில்லை.

நரம்பு மட்டும் மிஞ்சி இலை சல்லடை போல் ஆகியிருந்தால் ரம்ப ஈயின் புழுவாக இருக்கலாம். பார்க்கப் பச்சைப் புழுதான். வயிற்றுப் பகுதியில் குட்டைக் கால்களை எண்ணுங்கள். ஐந்து ஜோடி அல்லது அதற்குக் குறைவு என்றால் பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சிப் புழு. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ரம்ப ஈ. இது தெரிந்துகொள்ளத்தக்க வேறுபாடு. ஏனென்றால் பலரும் வாங்கும் பேசில்லஸ் துரிஞ்ஜென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தில் தோட்டத்துக்கென்று விற்பது முதல் வகைக்குத்தான் வேலை செய்யும், ரம்ப ஈப் புழுவை ஒன்றும் செய்யாது. அதைக் கையால் பொறுக்குவதே வழி.

முள்முள்ளாக உடம்புள்ள புழு இலையை மெல்லிய நூலால் மடித்து உள்ளே இருந்தால், அது பெயின்டட் லேடி பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்க வாய்ப்பு உண்டு. உலகின் பெரும்பகுதியில் பறக்கும், நெடுந்தூரம் வலசை போகும் பூச்சி. நான்கைந்து இலைதான் போகும், விட்டுவிடுங்கள்.

ஒழுங்கற்ற பெரிய ஓட்டை, வெள்ளி போல் மின்னும் தடம்: நத்தை. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். முதல் ஆண்டு நாற்றுக்கு இது பெரிய ஆபத்து, இரண்டாம் ஆண்டுச் செடிக்கு இல்லை.

இலை வெளிறி, பொடிப்பொடியாகப் புள்ளி விழுகிறது

வெப்பமும் வறட்சியும் சேர்ந்த நாட்களில் இது சிலந்திப்பேன். வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டினால் ஊரும் துகள்கள் தெரியும், முற்றினால் அடியில் மெல்லிய நூலாம்படை. தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சிக் கழுவுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. இலையை நனைக்காதே என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. காலையில் செய்தால் வெயிலில் உடனே காய்ந்துவிடும். அசுவினி, வெள்ளை ஈ என்றாலும் இதே கழுவல், பிறகு வேண்டுமானால் சோப்புக் கரைசல்.

தண்டு சாய்கிறது

இரண்டரை மீட்டர் தண்டு, மேல்பாதி முழுக்கப் பூவும் மழைநீரும். சாய்வதில் வியப்பில்லை. எங்கே சாய்கிறது என்று பாருங்கள். நடுவில் வளைகிறது என்றால் காற்று, அல்லது தழைச்சத்து கூடி மென்மையான தண்டு, அல்லது ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். அடியோடு செடியே ஆடுகிறது என்றால் வேர் ஆழம் போகவில்லை, அல்லது அடி அழுகியிருக்கிறது. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கம்பு ஊன்றும் நேரம், தண்டு முழங்கால் உயரம் வரும்போது. சாய்ந்த பிறகு ஊன்றினால் வேரைக் குத்துவோம், வளைந்த தண்டை நிமிர்த்தும்போது ஒடிந்தும் போகும். செடியின் இறுதி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நிற்கும் கம்பை ஆழமாக இறக்குங்கள். அகலமான துணி நாடாவால், கம்புக்கும் தண்டுக்கும் நடுவே ஒருமுறை முறுக்கி, தளர்வாகக் கட்டுங்கள். தண்டு உயர உயர இரண்டு மூன்று கட்டு தேவைப்படும். மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டினால் காற்றில் அதுவே தண்டை அறுத்துவிடும்.

ஏற்கெனவே சாய்ந்துவிட்டதா? ஒடியவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளில் நிமிர்த்துங்கள். நுனி தானாகவே மேலே திரும்பியிருக்கும், அந்த வளைவு போகாது. ஒடிந்திருந்தால் வெட்டி ஜாடியில் வைத்துவிடுங்கள். அடியில் இருந்து சின்னத் தண்டுகள் வரலாம்.

உரம் விஷயத்தில் இந்தச் செடிக்கு ஆசை குறைவு. இரண்டாம் ஆண்டு வளர்ச்சி தொடங்கும்போது அடியைச் சுற்றி மக்கிய உரம் ஒரு அடுக்கு போதும், குருத்தை மூடாமல்.

ஈரம் இருந்தும் செடி முழுதாக வாடுகிறது

இதில் தாமதிக்காதீர்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் பெரும்பாலும் அடிக்குருத்து அல்லது வேர் அழுகல். அடிமண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். குருத்து பழுப்பாக, மெத்தென்று, நாற்றத்தோடு இருந்தால் அந்தச் செடி போய்விட்டது; சுற்றுமண்ணோடு எடுங்கள். அதே குழியில் உடனே இன்னொரு ஹாலிஹாக்கை வைக்காதீர்கள்.

குருத்து கெட்டியாக இருந்து, வெளி இலைகள் மட்டும் தொய்ந்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, மூடாக்கைக் குருத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, தேங்கும் நீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள். ஹாலிஹாக் கடுங்குளிரைத் தாங்கும், ஆனால் குளிர்காலத்தில் அடியில் நீர் நின்றால் தாங்காது. களிமண்ணில் நடுபவர்கள் மேட்டுப்பாத்தி போட்டே நட வேண்டும்.

மொட்டு விரியாமல் உதிர்கிறது

மொட்டில் துளை இருந்தால் கூன்வண்டு, மேலே சொன்னதுதான். துளை இல்லாமல், இதழ் ஓரம் பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருந்தால் இலைப்பேனைப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் தண்ணீர்ப் பஞ்சம். ஆணிவேர் இருக்கிறது என்ற தைரியத்தில் பூக்கும் காலத்தில் வறட்சியில் விட்டால் செடி மேல் மொட்டுகளை உதிர்த்துத்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது ஆழமாக நனையும்படி விடுங்கள். தொட்டியில் இருந்தால் அடிக்கடி. தொட்டியின் ஆழம் 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எவ்வளவு ஊற்றினாலும் போதாது.

கீழே உள்ள பூ வாடி, மேலே விரிவது இயல்பு. அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

நட்டது கறுஞ்சிவப்பு, வந்தது இளஞ்சிவப்பு

தேனீ வேலை. பக்கத்தில் வேறு நிறச் செடிகள் இருந்தால் மகரந்தம் கலக்கும், விதையிலிருந்து வரும் பிள்ளைகள் நிறம் மாறும். அடுக்குப்பூவின் விதையிலிருந்து ஒற்றைப்பூவும் வரும். கறுப்புக்கு நெருங்கிய நிறமுள்ள ‘நைக்ரா’ ரகத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டுமானால் அதை மட்டுமே நடுங்கள். நிறம் மாறிப் பூப்பவற்றை முதல் பூ விரிந்ததுமே வெட்டிவிடுங்கள்.

பூத்து முடிந்ததும் செடி காய்கிறது

காயத்தான் செய்யும். அடி இலைகள் மஞ்சளாகி, தண்டு விறைத்து, காய்கள் பழுப்பாகும். செடியை இன்னொரு ஆண்டு வைத்திருக்க ஆசை இருந்தால், கடைசிப் பூக்கள் இருக்கும்போதே, விதை முற்றும் முன், தண்டை அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். சில செடிகளில் அடியில் புது இலைக்கொத்து வரும். அது வந்தால் அடுத்த ஆண்டும் பூக்கும், முன்பைவிடக் கொஞ்சம் குட்டையாக. வராவிட்டால் வருந்த வேண்டாம்.

விதை வேண்டுமென்றால் நோயில்லாத ஒரே ஒரு தண்டை விட்டுவைத்து, காய் பழுப்பாகிப் பிளக்கத் தொடங்கும்போது காய்ந்த நாளில் பறியுங்கள். தண்டிலும் காயிலும் உள்ள மென்முடி சிலருக்குத் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காயை உதிர்த்து, துளையுள்ள விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காய் ஓடு, செதிள் எதுவும் சேராமல் புடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துணுக்குகளோடுதான் துரு வித்து அடுத்த பாத்திக்குப் போகிறது. நிழலில் ஒரு வாரம் நன்றாக உலர்த்திய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் கூன்வண்டும் சாகும். வெளியே எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் விதையில் ஈரம் படியாது.